பழைய கணினியில் இன்றைய குறியாக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கணினியைத் தூசி தட்டி உயிர்ப்பித்து, அதை இணையத்தோடு சேர்க்கப் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் முட்டி நிற்கிறார்கள். கேபிள் சரி, ஐபி முகவரி சரி, பிங் போகிறது, ஆனால் ஒரு தளமும் திறப்பதில்லை. அப்படி நிற்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கணக்கு போட்டிருக்கும் இடங்களில் விடையோடு கணக்கையும் தந்திருக்கிறேன், நீங்களே சரிபார்க்கலாம்.

எந்தத் தளமும் திறக்கவில்லை. என் கணினியில் ஏதாவது பழுதா?

பழுது இல்லை. இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் டிஎல்எஸ் என்ற குறியாக்க நெறிமுறை (வழியில் யாரும் படிக்காதபடி தரவை மறைத்து அனுப்பும் முறை) வழியாகத்தான் பேசுகின்றன. முகவரியில் இருக்கும் எச்டிடிபிஎஸ் அதைத்தான் குறிக்கிறது. இதன் முன்னோடியான எஸ்எஸ்எல் 2.0, 1995இல் பிரவுசர் நிறுவனமான நெட்ஸ்கேப்பிலிருந்து வந்தது. அடுத்த வருடம் எஸ்எஸ்எல் 3.0, 1999இல் டிஎல்எஸ் 1.0, 2008இல் 1.2, 2018இல் 1.3. டிஎல்எஸ் 1.0, அதற்கடுத்து வந்த 1.1 இரண்டையும் 2020ஆம் ஆண்டு வாக்கில் பிரவுசர்கள் கைவிட்டன. 2021 மார்ச்சில் அவை முறைப்படியும் ஓய்வு பெற்றன. உங்கள் கணினியில் இருக்கும் பிரவுசருக்கு 1.0 வரைதான் தெரியும் என்றால், இரண்டு பக்கத்துக்கும் பொதுவான மொழியே இல்லை. தொடர்பு முதல் செய்தியிலேயே அறுந்துவிடும்.

அந்தக் காலத்து பிரவுசரிலும் பூட்டுப் படம் வந்ததே. அந்தக் குறியாக்கம் ஏன் போதாது?

அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாடு காரணமாக, 90களில் வெளிநாட்டவர்களுக்குக் கிடைத்த பிரவுசர் பதிப்புகளில் சாவி (செய்தியைப் பூட்டித் திறக்கும் ரகசிய எண்) வெறும் 40 பிட். அதன் பலம் என்ன என்று 1995 ஆகஸ்டிலேயே தெரிந்துவிட்டது. பிரான்சில் டேமியன் டோலிகே என்பவர் சுமார் 120 பணிநிலையக் கணினிகளையும் இரண்டு இணைக் கணினிகளையும் ஓடவிட்டு, எட்டு நாளில் அப்படிப்பட்ட ஒரு செய்தியைத் திறந்துகாட்டினார். அடுத்த மாதமே பெர்க்லி மாணவர்கள் இயன் கோல்ட்பர்க்கும் டேவிட் வாக்னரும் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள். நெட்ஸ்கேப் தன் ரகசிய எண்களை அப்போதைய நேரத்திலிருந்தும் இரண்டு புரோசஸ் எண்களிலிருந்தும்தான் (ஓடும் நிரலுக்குக் கணினி தரும் எண்) உருவாக்குகிறது, எனவே 128 பிட் சாவியைக்கூட ஊகித்துவிடலாம் என்பதுதான் அது. (இதை நினைவில் வையுங்கள். கீழே இதே பிரச்சினை நம் கணினிக்கும் வரும்.)

பிறகு 2014இல் பூடில் தாக்குதல் எஸ்எஸ்எல் 3.0ஐ முடித்துவைத்தது. 2015இல் ஆர்சி4 என்ற பழைய குறியாக்க முறை டிஎல்எஸ்ஸில் தடைசெய்யப்பட்டது. 2017இல், கோப்புக்குக் கைரேகை போன்ற ஒரு குறுகிய எண்ணைத் தரும் ஷா-1 முறையில் ஒரே எண் வரும் இரண்டு வேறு கோப்புகளை ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ நிறுவனமும் கூகுளும் சேர்ந்து உருவாக்கிக் காட்டின. சர்வர்காரர்கள் பழைய முறைகளை மூடியதற்கு ஒவ்வொரு முறையும் நியாயமான காரணம் இருந்தது. பழைய கணினிகளை நேசிப்பவன் என்ற முறையில் எனக்கு வருத்தம்தான், ஆனாலும் அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன்.

சரி, புதிய மென்பொருளை நாமே எழுதிப் போட்டுவிட்டால்? கமடோர் 64இல் டிஎல்எஸ் 1.3 ஓடாதா?

எழுதலாம். ஓடும். ஆனால் சர்வர் காத்திருக்காது.

கமடோர் 64 வந்தது 1982இல். 64 கிலோபைட் மெமரி, அதன் 6510 பிராசசர் விநாடிக்குச் சுமார் 10 லட்சம் துடிப்பு (ஒரு துடிப்பு என்பது பிராசசர் ஒரு சிறு அடி எடுத்துவைக்கும் நேரம்). இந்தப் பிராசசருக்குக் கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியும், பெருக்கத் தெரியாது. அப்படி ஒரு கட்டளையே அதில் இல்லை. இன்றைய குறியாக்கத்திலோ ஆரம்பம் முழுக்கப் பெருக்கல்தான்.

இரண்டு பக்கமும் பேசத் தொடங்குமுன் நடக்கும் அறிமுகத்தை ஹேண்ட்ஷேக் என்கிறோம். அதில் பொது ரகசியத்தை உருவாக்க இன்று அதிகம் பயன்படுவது டேனியல் பெர்ன்ஸ்டைன் வடிவமைத்த எக்ஸ்25519. இதில் எண்கள் ஒவ்வொன்றும் 32 பைட் நீளம். பள்ளிக்கூடத்தில் கற்ற முறையில் இரண்டைப் பெருக்க 32 × 32, அதாவது 1,024 சிறு பெருக்கல் வேண்டும். பெருக்கத் தெரியாத பிராசசரில் இதற்கு ஓர் அழகான குறுக்குவழி உண்டு. வர்க்கங்களின் கால்பங்கை அட்டவணையாக வைத்துக்கொண்டு, (அ+ஆ)வுக்கான மதிப்பிலிருந்து (அ−ஆ)வுக்கான மதிப்பைக் கழித்தால் அ × ஆ கிடைத்துவிடும். இப்படிச் செய்தாலும் ஒரு சிறு பெருக்கலுக்கு, கூட்டிச் சேர்ப்பதையும் சேர்த்து, 60 துடிப்பு போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய பெருக்கலுக்குச் சுமார் 61,000. எக்ஸ்25519 ஒருமுறை முடிய இப்படி 2,800 பெரிய பெருக்கல் தேவை. மொத்தம் 17 கோடி துடிப்பு, கிட்டத்தட்ட மூன்று நிமிடம். ஹேண்ட்ஷேக்கில் இதை இரண்டு முறை செய்ய வேண்டும்.

அப்புறம் சான்றிதழ் சரிபார்ப்பு, அதாவது பேசுவது உண்மையில் அந்தத் தளம்தானா என்று பார்ப்பது. ஆர்எஸ்ஏ என்ற முறையில் போட்ட 2,048 பிட் கையொப்பம் ஒன்றைச் சரிபார்க்க, 256 பைட் நீளமுள்ள எண்ணை 17 முறை பெருக்கிச் சுருக்க வேண்டும். அதே கணக்கில் 13 கோடி துடிப்பு, இரண்டே கால் நிமிடம். சர்வரின் சான்றிதழில் ஒரு கையொப்பம், சர்வர் நேரடியாகப் போடும் கையொப்பம் ஒன்று, அந்தச் சான்றிதழை வழங்கியவரின் இடைச் சான்றிதழில் இன்னொன்று. அந்த மூன்றாவதை ரூட் நிறுவனம் (சான்றிதழ்ச் சங்கிலியின் தலைமை நிறுவனம்) 4,096 பிட் சாவியால் போட்டிருந்தால் அதற்கு மட்டும் நான்கு மடங்கு. ஆக மொத்தம் பத்து நிமிடத்திலிருந்து இருபது நிமிடம் வரை. சர்வர்கள் பொதுவாக ஒரு நிமிடத்துக்குள் தொடர்பைத் துண்டித்துவிடும்.

இதில் சில தந்திரங்கள் உண்டு. இரண்டு எக்ஸ்25519 கணக்குகளில் முதலாவதை, இணைப்புக்கு முன்பே சாவகாசமாகச் செய்து வட்டில் வைத்துக்கொள்ளலாம். ஒருமுறை சரிபார்த்த இடைச் சான்றிதழை நினைவில் வைத்துக்கொள்ளலாம். அப்படியும் ஒரு நிமிடத்துக்குள் அடக்க முடியாது.

மேக், அமிகா, 486 போன்றவை?

இங்கே கதை மாறுகிறது. 1984 மேக்கின் மோட்டோரோலா 68000க்குப் பெருக்கத் தெரியும்; 16 பிட் எண்கள் இரண்டைப் பெருக்க அதிகபட்சம் 70 துடிப்பு. அதே கணக்கைப் போட்டால் எக்ஸ்25519க்குச் சுமார் 10 விநாடி, 2,048 பிட் ஆர்எஸ்ஏ சரிபார்ப்புக்கு 7 விநாடி. முழு ஹேண்ட்ஷேக் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம். விளிம்பில் நிற்கிறது. 1989இல் வந்த மேக் எஸ்இ/30இன் 68030க்கு 32 பிட் பெருக்கல் வரும், வேகமும் இரண்டு மடங்கு. அசெம்பிளியில் பார்த்துப் பார்த்து எழுதினால் ஐந்து விநாடிக்குள் முடிக்கலாம். சி மொழியில் எழுதியதை அப்படியே கம்பைல் செய்தால் பல மடங்கு ஆகும். 486, 68040 தொடங்கி மேலே வந்துவிட்டால் வேகம் ஒரு தடையே இல்லை.

ஹேண்ட்ஷேக் முடிந்தபின் தரவு வேகமாக வருமா?

தரவை மறைக்கப் பயன்படும் ஏஇஎஸ் குறியாக்கத்தை ஜோன் டேமனும் வின்சென்ட் ரைமனும் வடிவமைத்தபோது 8 பிட் பிராசசர்களையும் மனதில் வைத்தே செய்தார்கள். 256 பைட் அட்டவணை ஒன்று, பிட்டுகளை ஒப்பிடும் சில எக்ஸ்ஓஆர் கட்டளைகள், அவ்வளவுதான். கமடோரிலேயே விநாடிக்கு இரண்டு கிலோபைட் அளவில் கிடைக்கும் என்பது என் கணக்கு. உறுத்துவது வேறொன்று. இன்றைய முறைகள் தரவை மறைப்பதோடு நிற்பதில்லை, அது வழியில் திருத்தப்படவில்லை என்பதையும் உறுதிசெய்கின்றன. ஏஇஎஸ்ஸோடு வரும் ஜிசிஎம்மின் 128 பிட் பெருக்கல், ஏஇஎஸ்ஸுக்கு மாற்றான சாச்சா20ஓடு வரும் பாலி1305இன் 130 பிட் பெருக்கல், இரண்டுமே சிறிய பிராசசரில் குறியாக்கத்தைவிட அதிக நேரம் தின்னும். மறைப்பது மலிவு, உறுதிசெய்வது விலை அதிகம்.

சாச்சா20 பற்றி எனக்குப் பிடித்த ஒரு விஷயம்: அதில் 32 பிட் எண்களை 16, 12, 8, 7 இடங்கள் சுழற்ற வேண்டும். 68000இல் 16 இடம் சுழற்றுவது ஒரே கட்டளை. 8 பிட் பிராசசரில் 16ம் 8ம் செலவே இல்லை, பைட்டுகளை வேறு வரிசையில் எடுத்தால் போதும்.

மெமரி எவ்வளவு வேண்டும்?

பலரும் யோசிக்காத இடம் இது. டிஎல்எஸ்ஸில் தரவு பொட்டலமாக வரும், ஒரு பொட்டலம் 16 கிலோபைட் வரை இருக்கலாம். திருத்தப்படவில்லை என்று காட்டும் முத்திரை பொட்டலத்தின் கடைசியில் இருப்பதால், முழுதும் வந்து சேரும்வரை ஒரு பைட்டைக்கூட நம்பிப் பயன்படுத்தக் கூடாது. அதாவது கமடோரின் மெமரியில் கால்பங்கு ஒரே ஒரு பொட்டலத்துக்குப் போய்விடும். சின்னப் பொட்டலமாக அனுப்பு என்று சர்வரிடம் கேட்க 2018இல் ஒரு வழி தரப்படுத்தப்பட்டது, ஆனால் எல்லா சர்வரும் கேட்காது. இதோடு சான்றிதழ்ச் சங்கிலிக்குச் சில கிலோபைட். தாமஸ் பொர்னினின் பேர்எஸ்எஸ்எல் போன்ற சிக்கனமான நூலகமே நிரலுக்கு 20, மெமரிக்கு 25 கிலோபைட் என்ற அளவில்தான் தொடங்குகிறது. அதுவும் டிஎல்எஸ் 1.2 வரைதான்.

தேதி தவறாக இருந்தால் என்ன ஆகும்?

எல்லாம் நின்றுவிடும். சான்றிதழ் செல்லுபடியாகும் காலத்துக்குள் இருக்கிறதா என்பதைக் கணினியின் கடிகாரத்தை வைத்துத்தான் பார்க்க முடியும். 1981இன் ஐபிஎம் பிசியில் பேட்டரிக் கடிகாரமே கிடையாது, 1984இன் ஏடியில்தான் வந்தது. கமடோரிலும் இல்லை. பழைய மேக்கில் பேட்டரி செத்துவிட்டால் தேதி 1904க்குக்கூடப் போகும், ஏனென்றால் மேக் நேரத்தை அந்த ஆண்டின் ஜனவரி 1இலிருந்து எண்ணுகிறது. 1904இல் நின்றுகொண்டு பார்த்தால் உலகின் எல்லாச் சான்றிதழும் இன்னும் பிறக்கவில்லை.

சான்றிதழ்களின் ஆயுளும் சுருங்கிக்கொண்டே வருகிறது. இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் தொடக்கத்திலிருந்தே 90 நாள்தான் கொடுத்தது. 2029 மார்ச்சிலிருந்து பொதுச் சான்றிதழ் எதுவும் 47 நாளைத் தாண்டக் கூடாது என்று முடிவாகியிருக்கிறது. இன்னொன்று: நேரத்தை 32 பிட்டில் வைத்திருக்கும் யூனிக்ஸ் வகை மென்பொருள்களுக்கு 2038 ஜனவரி 19ஐத் தாண்டிய தேதி புரியாது. 2040இல் முடியும் ரூட் சான்றிதழ்கள் இப்போதே புழக்கத்தில் இருக்கின்றன. அந்தத் தேதியைப் படித்ததும் குழம்பும் மென்பொருளுக்கு 2038 ஏற்கெனவே வந்துவிட்டது.

ரேண்டம் எண்ணுக்கு எங்கே போவது?

சாவியை யாரும் ஊகிக்க முடியாத ரேண்டம் எண்ணிலிருந்துதான் செய்ய வேண்டும். என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் கடினமானது இதுதான். வேகம் போதாவிட்டால் காத்திருக்கலாம், மெமரி போதாவிட்டால் கூட்டலாம். ரகசிய எண் ஊகிக்கக்கூடியதாக இருந்தால் மற்ற எல்லா உழைப்பும் வீண், அது வீணாகிவிட்டது என்பதும் உங்களுக்குத் தெரியவராது. 1995 நெட்ஸ்கேப்புக்கு நடந்தது அதுதான்.

கமடோரில் சிட் ஒலிச் சில்லின் இரைச்சலை 54299ஆம் முகவரியில் படிக்கலாம், அதை ரேண்டம் என்று பலர் பயன்படுத்துகிறார்கள். விளையாட்டுக்கு அது நல்லது. ஆனால் அந்த இரைச்சல் 23 பிட் நகர்வுப் பதிவேட்டிலிருந்து வருவது, அடுத்து என்ன வரும் என்பது கணக்கால் தெரிந்துவிடும். அதை மட்டும் நம்பிச் சாவி செய்யாதீர்கள். மனிதர் விசை தட்டும் இடைவெளிகளை நுண்ணிய கவுண்டரால் அளந்து, ஒரு நிமிடம் கண்டபடி தட்டச் சொல்லி, கிடைத்ததை ஷா-1இன் வலுவான வாரிசான ஷா-256இல் கலக்குங்கள். அதைவிடச் சுலபம்: புதிய கணினியில் 32 ரேண்டம் பைட் எடுத்து பிளாப்பியில் கொண்டுவந்து விதையாக (அடுத்தடுத்த ரேண்டம் எண்கள் பிறக்கும் தொடக்க எண்ணாக) வையுங்கள். ஒவ்வொரு முறை பயன்படுத்தியதும், அதிலிருந்து பிறந்த புதிய விதையைப் பழையதன்மேல் எழுதிவிட வேண்டும்.

ஏற்கெனவே தயாராக இருக்கும் மென்பொருள் என்னென்ன?

அமிகாவுக்கு அமிஎஸ்எஸ்எல் இருக்கிறது. ஓபன்எஸ்எஸ்எல்லின் அமிகா வடிவம் அது, டிஎல்எஸ் 1.3 பேசும், 68020 அல்லது அதற்கு மேல் வேண்டும். பழைய யூனிக்ஸ் பணிநிலையங்களுக்கும் பழைய மேக்குகளுக்கும் கிரிப்டோ ஏன்சியன் என்ற நூலகம். புதிய நூலகங்கள் சி99 கம்பைலரை எதிர்பார்ப்பதால் பழைய கணினியில் கம்பைல்கூட ஆவதில்லை. அதைத் தாண்டுவதற்காகவே இது எழுதப்பட்டது. மேக் ஓஎஸ் 7 முதல் 9 வரை எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினியில் குறியாக்கத்தோடு வேலை செய்யும் வழி) வேண்டுமானால் எஸ்எஸ்எச்செவன். டாஸில் எம்டிசிபி அருமையான இணையத் தொகுப்பு, 8088இலேயே ஓடும், ஆனால் குறியாக்கம் கிடையாது.

எதை எடுத்தாலும் முதலில் ஒன்றைப் பாருங்கள்: அது சான்றிதழைச் சரிபார்க்கிறதா? நேரத்தை மிச்சப்படுத்த இந்தப் படியை விட்டுவிடும் கருவிகள் உண்டு. அப்போது பேச்சு மறைவாகத்தான் நடக்கும், ஆனால் யாரோடு பேசுகிறோம் என்பது தெரியாது.

விண்டோஸ் எக்ஸ்பி, 98?

எக்ஸ்பியோடு வந்த குறியாக்கம் டிஎல்எஸ் 1.0ஓடு நிற்கிறது. எக்ஸ்பியின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு, ஒரே ஐபியில் பல தளங்கள் இருந்தால் எது வேண்டும் என்று சொல்லவும் தெரியாது. ஆகவே தன் குறியாக்கத்தைத் தானே கொண்டுவரும் பிரவுசர் வேண்டும். எக்ஸ்பிக்கு மைபால், சூப்பர்மியம் இரண்டும் உண்டு. பென்டியம் 3இல் புதிய பிரவுசர்கள் எதிர்பார்க்கும் எஸ்எஸ்இ2 கட்டளைகள் இல்லை என்பதை மட்டும் கவனியுங்கள். 98க்கு ரெட்ரோசில்லாவை முயலலாம்.

ரூட் சான்றிதழ்ப் பட்டியலையும் புதுப்பிக்க வேண்டும். 2021 செப்டம்பர் 30 அன்று லெட்ஸ் என்க்ரிப்ட் சார்ந்திருந்த டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 காலாவதியானபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ பழைய கருவிகள் ஒரே நாளில் நின்றன.

இவ்வளவு சிரமம் எதற்கு? நடுவில் ஒரு ப்ராக்ஸி வைத்தால் போதாதா?

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் வழி அதுதான். வீட்டில் ஒரு ராஸ்பெரி பையை வைத்து அதில் வெப்ஒன் போன்ற ப்ராக்ஸியை ஓட்டுங்கள். பழைய கணினி அதோடு வெறும் எச்டிடிபியில் பேசும், ப்ராக்ஸி வெளியுலகத்தோடு டிஎல்எஸ் பேசும். மின்னஞ்சல் மாதிரியானவற்றுக்கு, தொடர்பில் டிஎல்எஸ்ஸை மட்டும் சேர்த்துத் தரும் எஸ்டனல் போதும். பக்கங்களைக் காட்டவே பழைய பிரவுசர் திணறினால், முழுப் பக்கத்தையும் படமாக்கி அனுப்பும் டபிள்யூஆர்பி இருக்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். பழைய கணினியிலிருந்து ப்ராக்ஸி வரையான தூரம் முழுக்கத் திறந்த வெளி. அது உங்கள் மேசையில் ஒரு முழக் கேபிள் என்றால் கவலை இல்லை. இணையத்தில் வேறு யாரோ நடத்தும் ப்ராக்ஸி என்றால், உங்கள் கடவுச்சொல்லை அவர் கையில் கொடுக்கிறீர்கள், வழியில் இருக்கும் எல்லோருக்கும் காட்டுகிறீர்கள். உங்கள் ப்ராக்ஸியையும் வீட்டுக்கு வெளியிலிருந்து யாரும் அணுக முடியாதபடி பூட்டிவையுங்கள்.

வைஃபை மோடம் அட்டைகளும் இதைத்தான் செய்கின்றனவா?

அதேதான், இன்னும் நெருக்கமாக. அடாரி 8 பிட் கணினிகளுக்கான ஃபூஜிநெட்டில் இஎஸ்பி32 சில்லு இருக்கிறது. 240 மெகாஹெர்ட்ஸ், 520 கிலோபைட் மெமரி, ஏஇஎஸ்ஸுக்கும் ஆர்எஸ்ஏவுக்கும் தனி வன்பொருள். குறியாக்கம் அங்கே நடக்கிறது, அடாரிக்கு வெறும் உரை வந்து சேர்கிறது. இது ஏமாற்று வேலை என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அந்தக் கணினிகளின் வட்டு இயக்கியிலேயே தனிப் பிராசசர் இருந்தது, கடினமான வேலையைத் துணைக்கருவியிடம் விடுவது அவற்றின் பழைய வழக்கம்தான்.

எனக்குச் சொந்தமான இரண்டு கணினிகள் மட்டும் பேசினால் போதும். அப்போது?

அப்போது கமடோராலும் முடியும்! இரண்டு பக்கத்திலும் ஒரே ரகசியச் சாவியை முன்பே வைத்துவிட்டால் எக்ஸ்25519ம் வேண்டாம், ஆர்எஸ்ஏவும் வேண்டாம், சான்றிதழும் கடிகாரமும்கூட வேண்டாம். டிஎல்எஸ் 1.3இலேயே இந்த முறைக்கு இடம் இருக்கிறது. மிஞ்சுவது ஷா-256ம் ஏஇஎஸ்ஸும் மட்டும். ஷா-256இல் ஒரு தொகுதித் தரவைக் கலக்க கமடோரில் விநாடியில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால், மொத்த ஹேண்ட்ஷேக்கும் பத்து இருபது விநாடியில் முடியும். குறை என்னவென்றால், அந்தச் சாவி என்றாவது வெளியே போனால், அதுவரை யாராவது பதிவுசெய்து வைத்த பேச்சு எல்லாம் திறந்துவிடும். வட்டை மாற்றும்போதெல்லாம் சாவியையும் மாற்றுங்கள்.

எல்லாம் சரியாக ஓடினால் அதில் வங்கிக் கணக்கைப் பார்க்கலாமா?

வேண்டாம். டாஸ், மேக் ஓஎஸ் 9, அமிகா எதிலும் ஒரு நிரலின் மெமரியை இன்னொரு நிரல் படிப்பதைத் தடுக்கும் சுவர் இல்லை. கம்பியில் போகும்போது பத்திரமாக இருக்கும் சாவி, கணினிக்குள் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி கிடக்கும். 68000இன் பெருக்கல் கட்டளை, எண்ணில் எத்தனை 1 இருக்கிறதோ அதற்கேற்ப 38 முதல் 70 துடிப்பு வரை எடுக்கும். நேரத்தை அளப்பவருக்கு அதிலும் ரகசியம் கசியும். ஒரு விஷயத்தில் மட்டும் பழையவை மேல்: கேஷ் மெமரி (பிராசசருக்குள் இருக்கும் வேகமான சிறு மெமரி) இல்லாததால், இன்றைய பிராசசர்களில் ஏஇஎஸ் அட்டவணையைப் படிக்கும்போது நடக்கும் கேஷ் கசிவு 6510இலும் 68000இலும் நடக்காது.

98இல் தமிழ்த் தளங்களைப் படிக்க முடியுமா?

குறியாக்கத்தைத் தாண்டினாலும் அடுத்த தடை எழுத்து. விண்டோஸில் தமிழ் யூனிகோட் ஆதரவு 2000 பதிப்பில்தான் உள்ளேயே வந்தது. அதற்கு முன்பு நமக்கு இருந்தவை டிஸ்கி, 1999இல் தமிழ்நாடு அரசு அறிவித்த டாம், டாப் போன்ற 8 பிட் குறியீடுகள். இதற்கும் ப்ராக்ஸிதான் நல்ல இடம். டிஎல்எஸ்ஸை அவிழ்க்கும் அதே இடத்தில் யூனிகோடை டிஸ்கியாக மாற்றும் சிறு நிரலைச் செருகிவிட்டால், அந்தக் கால எழுத்துருவோடு இன்றைய செய்தியை 98இல் படிக்கலாம்.

குவாண்டம் கணினிக்கு எதிரான புதிய முறைகள் வந்துவிட்டால் பழைய கணினிகளின் கதை முடிந்ததா?

பொது ரகசியத்தை உருவாக்கும் புதிய முறையாக 2024 ஆகஸ்டில் தரப்படுத்தப்பட்ட எம்எல்-கெம்மில் கணக்கு 3329 என்ற சின்ன எண்ணுக்குள் நடக்கிறது, 12 பிட் போதும். பெரிய பெருக்கல் இல்லாததால் 8 பிட் பிராசசருக்கு எக்ஸ்25519ஐவிட இது இலகுவாகவே அமையும் என்று நம்புகிறேன். பதிலுக்குச் சாவி நீள்கிறது, எம்எல்-கெம் 768இல் பொதுச் சாவி 1,184 பைட். இப்போதைக்கு பிரவுசர்கள் இதை எக்ஸ்25519ஓடு சேர்த்தே பயன்படுத்துவதால் நமக்கு மிச்சம் எதுவும் இல்லை.

எங்கிருந்து தொடங்குவது?

இன்றைக்கே பெட்டியைத் திறந்து பேட்டரியைப் பாருங்கள். பழைய மேக்குகளிலும் அமிகாக்களிலும் அது கசிந்து, போர்டின் செம்புத் தடங்களை அரித்துவிடும். கசிந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் கழற்றி எடுத்துவிடுங்கள். தேதியை ஒவ்வொரு முறையும் கையால் போட்டுக்கொள்ளலாம்.